வாரம் ஒரு மணி நேரம் ஜாஸ்: கல்லூரி வானொலியில் நிகழ்ச்சி கட்டும் முறை

ஜாஸ் நிகழ்ச்சி நடத்த சாக்ஸஃபோன் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டாம். அலமாரி நிறைய இசைத்தட்டும் வேண்டாம். யார் வாசிக்கிறார்கள் என்பதைத் தப்பில்லாமல் சொல்லும் பழக்கமும், ஒரு மணி நேரத்தை விநாடிக் கணக்கில் நிரப்பத் தெரிவதும் இருந்தால் போதும். மற்ற பாட்டு நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு பாட்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஜாஸில் ஒன்று மூன்று நிமிடத்துக்குள் முடியும், அடுத்தது கால் மணி நேரம் ஓடும். பெரும்பாலானவற்றில் பாடகரும் இல்லை. கேட்பவர் பிடித்துக்கொள்ள வரிகள் இல்லாத இடத்தில் நீங்கள் சொல்லும் நாலு வாக்கியம்தான் அவருக்குக் கைப்பிடி.

நேரம் கேட்பதற்கு முன்

நிலைய நிர்வாகியிடம் ஒரு பக்கத் திட்டமும் ஐந்து நிமிட மாதிரி ஒலிப்பதிவும் கொடுங்கள். மாதிரியில் முழு டிராக் எதுவும் வேண்டாம், அதை ஒருவரும் கேட்கப்போவதில்லை. தொடக்கப் பேச்சு ஒரு நிமிடம், ஒரு டிராக்கின் முதல் 20 விநாடி, அதன் கடைசி 20 விநாடி, அதற்குப் பின் நீங்கள் சொல்லும் விவரம், அடுத்த டிராக்கின் தொடக்கம். இப்படி மூன்று இணைப்புகள் இருந்தால் உங்களுக்குக் கை வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதல் பருவத்துக்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தயாரிப்பு வேலை இரட்டிப்பாகும், படிப்பு அப்படியே இருக்கும். வகுப்பு முடிந்த கையோடு ஓடிவர வேண்டிய நேரத்தையும் தவிருங்கள். மைக் முன்னால் உட்காருவதற்கு முன் 20 நிமிடம் ஸ்டூடியோவில் இருந்தாக வேண்டும்.

நிகழ்ச்சிக்கு எவ்வளவு பெரிய வட்டம் போடுவது? 1950களின் பியானோ மட்டும் என்று குறுக்கினால் சீக்கிரமே சரக்கு தீரும். ஜாஸ் எல்லாமே என்று விரித்தால் வாராவாரம் எங்கே தொடங்குவது என்று திண்டாடுவீர்கள். ஒரே உட்காரலில் 12 வாரத்துக்கான தலைப்புகளை எழுதிப் பாருங்கள். ஏழிலேயே பேனா நின்றுவிட்டால் வட்டம் சின்னது. இருபது தாண்டியும் ஓடினால் கொஞ்சம் குறுக்கலாம்.

ஒரு மணி நேரம் 60 நிமிடம் அல்ல

நிலைய அறிவிப்பு, அடுத்த நிகழ்ச்சிக்கான இடைவெளி என்று கழித்தால் கையில் நிற்பது சுமார் 57 நிமிடம். உங்கள் நிலையத்தில் துல்லியமாக எவ்வளவு என்று கேட்டு அந்த எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள். 57 நிமிடத்துக்கு ஒழுங்காக உட்காரும் அமைப்பு இது (செட் என்றால் நடுவில் பேச்சில்லாமல் அடுத்தடுத்து ஓடும் டிராக்குகள்):

0:00 – தொடக்க இசையும் வரவேற்பும், 1:30
1:30 – முதல் செட், 17 நிமிடம்
18:30 – பேச்சு, 2 நிமிடம்
20:30 – இரண்டாம் செட், 16 நிமிடம்
36:30 – பேச்சு, 2 நிமிடம்
38:30 – மூன்றாம் செட், 14 நிமிடம்
52:30 – விடைபெறும் பேச்சு, 1:30
54:00 – முடிவு இசை, 57:00 வரை

இசைக்கு 47 நிமிடம். சராசரி ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒன்பது டிராக். பத்தாவதையும் பதினோராவதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் திணிக்காதீர்கள்.

கடைசி மூன்று நிமிடம்தான் மெத்தை. முன்னால் நடந்த தாமதம் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும். முடிவு இசையாக ஒரு வாத்திய டிராக்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது 4:10 ஓடும் என்றால் 57:00-இலிருந்து பின்னோக்கிக் கழித்து, 52:50-க்கு ஃபேடரை, அதாவது ஒலியை ஏற்றி இறக்கும் விசையை, மூடிய நிலையில் ஓடவிடுங்கள். அப்போது நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள், யாருக்கும் கேட்காது. பேச்சு முடிந்ததும் ஃபேடரை மெல்ல ஏற்றுங்கள். 53:40-க்கு ஏற்றினாலும் சரி, 55:00-க்கு ஏற்றினாலும் சரி, இசை 57:00-க்குத் தானாக முடியும். முடிவைக் கத்தரிக்கவே வேண்டியதில்லை.

நீளங்களைப் பணம்போல நினைத்துக்கொண்டால் தேர்வு எளிது. 10 அங்குல 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அதனால் 1920 முதல் 1940கள் வரையிலான பதிவுகள் பெரும்பாலும் சில்லறை. நீண்டநேர இசைத்தட்டு 1948-இல் வந்தது, அதற்குப் பிறகுதான் பெரிய நோட்டுகள். கையில் சில்லறை இல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போகக்கூடாது. செட் மூன்று நிமிடம் குறைகிறது என்றால் 1930களின் ஒரு ஸ்விங் டிராக் அதை அடைத்துவிடும். நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் பத்து நிமிடத்துக்கு மேல் போவதை நிகழ்ச்சிக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். 1956 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டன் குழுவின் சாக்ஸஃபோன்காரர் பால் கொன்சால்வெஸ் ஒரே மூச்சில் 27 சுற்று வாசித்த பதிவு கால் மணி நேரத்தை நெருங்கும். அதை வைத்தால் இரண்டாம் செட் முழுக்க அதுதான். வைக்கலாம், வைப்பது தெரிந்து வைக்க வேண்டும்.

நேரம் போதவில்லை என்றால் இன்னும் தொடங்காத டிராக் ஒன்றை விட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருப்பதை சோலோவின், அதாவது ஒருவரின் தனி வாசிப்பின், நடுவில் மங்கச் செய்யாதீர்கள். பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவது மாதிரி அது.

முடிவு எப்போது வரும் என்று காதால் அறிவது

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டிராக் முடிந்துவிட்டது என்று மைக்கைத் திறப்பார்கள், இன்னொரு சுற்று தொடங்கும். இன்னும் இருக்கிறது என்று காகிதத்தைப் புரட்டுவார்கள், முடிந்து எட்டு விநாடி மௌனம் ஓடும்.

பெரும்பாலான ஜாஸ் டிராக்குகளின் எலும்புக்கூடு ஒன்றுதான். முதலில் மெட்டு, அதாவது ஹெட். பிறகு அதே நீளமுள்ள சுற்றுகளில் ஒவ்வொருவரின் சோலோ. கடைசியில் மறுபடியும் ஹெட். ஒரு சுற்றுக்கு கோரஸ் என்று பெயர். பழைய மேடை நாடகப் பாட்டுகளிலிருந்து வந்தவை பெரும்பாலும் 32 பார், ப்ளூஸ் என்றால் 12 பார். பாருக்கு நாலு தட்டு. 32 பார் என்றால் 128 தட்டு. நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில் ஒரு கோரஸ் 48 விநாடி. அதே வேகத்தில் ப்ளூஸ் கோரஸ் 18 விநாடி. நிமிடத்துக்கு 60 தட்டு ஊரும் மெதுவான பாலடில் ஒரு கோரஸ் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். அதனால் பாலடுகளில் கடைசி ஹெட்டை முழுதாக வாசிக்காமல் நடுப்பகுதியான பிரிட்ஜிலிருந்து எடுப்பது வழக்கம், அப்போது 64 விநாடிதான் மிச்சம்.

இதை வைத்து என்ன செய்வது? முந்தின நாள் ஒவ்வொரு டிராக்கின் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டு, கடைசி ஹெட் எந்த விநாடியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "ஹெட் 4:31, முடிவு 5:19" என்று தாளில் இருந்தால் போதும். ஒலிபரப்பில் மெட்டு திரும்பக் கேட்டதும் 48 விநாடி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஹெட்போன் மாட்டி, தாளை எடுத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்க நிறைய நேரம். கடைசி ஹெட்டுக்கு முன்னால் டிரம்ஸ்காரரும் மற்றவர்களும் நாலு நாலு பாராக மாற்றிமாற்றி வாசிப்பது அடிக்கடி வரும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் குறைந்துகொண்டே வந்து பாட்டில் இறங்குவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கடைசி நாலு பாரை மூன்று முறை திருப்பி வாசித்து முடிப்பது. முதல் முறையே முடிவு என்று நினைத்து மைக் திறந்தால் அகப்பட்டீர்கள். மற்றது, நேரடிப் பதிவில் கைதட்டல். கைதட்டல் வந்தாலே டிராக் முடிந்தது என்று அர்த்தமல்ல, ஒவ்வொரு சோலோவுக்குப் பின்னும் கைதட்டுவார்கள். உண்மையான முடிவில் கைதட்டலை ஐந்து விநாடி விட்டு, பிறகு இறக்குங்கள்.

டிராக்குகளை எதனால் கோர்ப்பது

காலவரிசை பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும். வேகத்தை மட்டும் பார்த்து அடுக்கினால் லிஃப்டில் ஓடும் இசை மாதிரி இருக்கும். நன்றாக வேலை செய்வது ஆளைப் பிடித்து ஆளுக்குப் போவது. ஜாஸில் தலைவராக இருப்பவர் நாளைக்கு இன்னொருவரின் குழுவில் பக்கவாத்தியக்காரர். ஒரு டிராக்கில் பின்னால் இருந்தவர் அடுத்த டிராக்கில் முன்னால் வருவார். கேட்பவருக்குத் தொடர்கதை கேட்கிற சுவை.

ஒரு சங்கிலி இப்படி. 1928 ஜூனில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பதிவு செய்த "வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்". அதில் பியானோ எர்ல் ஹைன்ஸ். 1943-இல் ஹைன்ஸின் பெரிய குழுவில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள், சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும். அந்தக் குழுவின் இசைத்தட்டு எதுவும் கிடையாது, ஏனென்றால் 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இருந்தது. அந்த இடைவெளியைச் சொல்லிவிட்டு, 1945 நவம்பரில் பார்க்கர் பதிவு செய்த "கோ-கோ"வைப் போடுங்கள். கேட்பவருக்கு நடுவில் என்னமோ நடந்திருக்கிறது என்று காதிலேயே உறைக்கும். அதில் டிரம்ஸ் மேக்ஸ் ரோச். அவரே 1956 ஜூன் 22-இல் சோனி ராலின்ஸின் "சாக்ஸஃபோன் கொலோசஸ்" பதிவில் டிரம்ஸ். அதில் பியானோ டாமி ஃபிளானகன். அந்த ஃபிளானகன் பல ஆண்டுகள் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர், 1975 மான்ட்ரோ விழாப் பதிவில் இருவரையும் கேட்கலாம். நாலு டிராக், 47 ஆண்டு. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு பெயர்.

செட்டுக்குள் அடுக்கும்போது அடுத்தடுத்து இரண்டு பாலட் வேண்டாம், அடுத்தடுத்து ஒரே வாத்தியக் கூட்டணியும் வேண்டாம். டெனர் சாக்ஸஃபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று இரண்டு டிராக் வந்தாலே புதியவர் காதில் இரண்டும் ஒன்றாகிவிடும். நடுவில் ஒரு குரல், ஒரு கிதார், ஒரு பெரிய குழு. நிகழ்ச்சியின் முதல் டிராக் நடுத்தர வேகத்தில், மெட்டு தெளிவாகத் தெரிவதாக இருக்கட்டும். இலக்கணம் மீறும் ஃப்ரீ ஜாஸை ஒதுக்காதீர்கள், ஆனால் இரண்டாம் செட்டின் நடுவில், முன்னால் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் போடுங்கள். நிகழ்ச்சியைத் திறந்ததும் அதுதான் என்றால் பாதிப் பேர் வேறு அலைவரிசையில் இருப்பார்கள்.

செத்துப்போனவர்களை மட்டுமே ஒலிபரப்பும் நிகழ்ச்சியும் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் இரண்டு டிராக்காவது சமீபத்திய வெளியீடு.

விவரத்தைச் சரிபார்த்தல்

கைபேசிச் செயலியில் தெரியும் ஆண்டையும் பெயரையும் அப்படியே வாசிக்காதீர்கள். அங்கே இருப்பது பல சமயம் மறுவெளியீட்டு ஆண்டு. தெலோனியஸ் மங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் கார்னகி ஹாலில் வாசித்த பதிவு 2005-இல் வெளிவந்தது, வாசித்தது 1957 நவம்பர் 29. "2005 பதிவு" என்று சொன்னால், 1967-இல் இறந்த கோல்ட்ரேனைக் கல்லறையிலிருந்து எழுப்பியதாகிவிடும். பதிவான ஆண்டு, வெளியான ஆண்டு இரண்டையும் ஆல்பத்தின் உள்ளட்டைக் குறிப்பிலிருந்தோ முறையான ஒலிப்பதிவுப் பட்டியலிலிருந்தோ எடுங்கள்.

ஆல்பத்துக்கு ஒரே குழு என்று நினைப்பது அடுத்த தவறு. 1959-இல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த "கைண்ட் ஆஃப் ப்ளூ"வில் பியானோ பில் எவன்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் "ஃப்ரெடி ஃப்ரீலோடர்" ஒன்றில் மட்டும் வின்டன் கெல்லி. அந்த டிராக்கைப் போட்டுவிட்டு எவன்ஸைப் புகழ்ந்தால் தொலைபேசி மணி அடிக்கும். போதாக்குறைக்கு மைல்ஸுடன் 1980களில் வாசித்த சாக்ஸஃபோன்காரர் பெயரும் பில் எவன்ஸ்தான், வேறு ஆள். இயற்றியவர் பெயரிலும் இதே கதை. "டேக் ஃபைவ்" டேவ் புரூபெக் குழுவின் டிராக், இயற்றியவர் அதில் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். எலிங்டன் குழுவின் அடையாள இசையான "டேக் தி ஏ டிரெய்ன்" பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதியது.

பிறந்தநாள் சிறப்பு நிகழ்ச்சி கட்டுவது சுலபம், அதனால் நாட்களையும் சரிபாருங்கள். எலிங்டன் 1899 ஏப்ரல் 29, பார்க்கர் 1920 ஆகஸ்ட் 29, மங்க் 1917 அக்டோபர் 10, கோல்ட்ரேன் 1926 செப்டம்பர் 23. ஏப்ரல் 30 யுனெஸ்கோ அறிவித்த சர்வதேச ஜாஸ் தினம். ஆர்ம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே வாழ்நாள் முழுக்கச் சொன்னார். பின்னால் கிடைத்த ஞானஸ்நானப் பதிவேட்டின்படி அது 1901 ஆகஸ்ட் 4. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வானொலியான டபிள்யூகேசிஆர் பிறந்தநாளுக்கு நாள் முழுக்க ஒரே கலைஞரை ஒலிபரப்பும். ஒரு மணி நேரம் மட்டும் கையில் இருப்பவர் அதைப் பின்பற்ற வேண்டாம். அந்தக் கலைஞருக்கு ஒரு செட், அவரால் வளர்ந்தவர்களுக்கு ஒரு செட் என்றால் அழகாக அமையும்.

தமிழில் அறிவிப்பவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. நம் எழுத்தில் ப ஒன்றுதான், க ஒன்றுதான். கவுன்ட் பேஸியின் பே, "பயம்" என்னும்போது வரும் ஒலி. பார்க்கரின் பா, "பல்"லில் வரும் ஒலி. ஸ்டான் கெட்ஸின் கெ, "கெட்டி"யின் கெ. தாளில் பெயரை எழுதும்போது மேலே சின்னக் குறி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மைக் முன்னால் யோசிக்க நேரம் இருக்காது. அந்தக் கலைஞரின் பேட்டி எங்காவது இருந்தால் அவர் தன் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டுவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

ஒலி

கோப்பு குறுந்தட்டிலிருந்து எடுத்ததாகவோ தரம் குறையாத ஃபிளாக் வடிவிலோ இருக்கட்டும். காணொளித் தளங்களிலிருந்து இறக்கியவை சிம்பல் என்னும் உலோகத் தட்டின் ஒலியில் காட்டிக்கொடுத்துவிடும். ஜாஸ் டிரம்ஸில் தாளத்தைத் தாங்குவது சிம்பல்தான், அது தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் கேட்டால் எல்லாம் போச்சு.

ஒலியளவைச் சமன்செய்யும்போது உச்ச அளவைப் பார்க்காமல் கேட்கும் உரப்பைப் பாருங்கள். பெரிய குழுவின் டிராக்கும் பியானோ மூவர் டிராக்கும் உச்சத்தில் ஒன்றாக இருக்கலாம், காதுக்கு ஒன்று கத்தும், மற்றொன்று முணுமுணுக்கும். ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தின் ஆர் 128 அளவுகோல் −23 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு). உங்கள் நிலையம் வேறு எண் வைத்திருந்தால் அதுதான் சட்டம். கணினி சொன்னதைக் காதால் ஒருமுறை திருத்துங்கள். பாலடை அதன் இயல்பைவிட உரக்க ஏற்றினால் பியானோக்காரரின் இருக்கை கிரீச்சிடுவதுகூடக் கேட்கும்.

உங்கள் குரல் மைக்கிலிருந்து 10–15 செ.மீ. தள்ளி, நேராக ஊதாமல் சற்றுச் சாய்வாக. மீட்டரில் உச்சம் −10 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கட்டும். குரலை அமைதியான டிராக்கோடு ஒப்பிட்டு அமையுங்கள். பாலட் முடிந்ததும் அறிவிப்பாளர் இடிபோல் இறங்கினால் கேட்பவர் ஒலியைக் குறைப்பார், அடுத்த டிராக் அவருக்குக் கேட்காது.

தானியங்கி மென்பொருள் மூன்று இடத்தில் ஜாஸைக் கெடுக்கும். முதலாவது, டிராக்கின் முன்னும் பின்னும் மௌனம் என்று நினைத்து மெல்லிய தொடக்கத்தையும் சிம்பலின் வாலையும் நறுக்குவது. அந்த வசதியை உங்கள் நிகழ்ச்சிக்கு அணைத்துவிட்டு, தொடக்க முடிவுப் புள்ளிகளைக் கையால் வையுங்கள். இரண்டாவது, ஒரு டிராக்கின் முடிவின்மேல் அடுத்ததை ஏற்றுவது. நடன இசைக்கு அது சரி. இங்கே இரண்டு சுருதி மோதி நாராசமாகும். அணைத்துவிட்டு, டிராக்குகளுக்கு நடுவில் ஒன்றரை விநாடி மூச்சுவிட இடம் கொடுங்கள். மூன்றாவதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்: டபுள் பாஸ் சோலோ. மற்றவர்கள் எல்லாம் நிறுத்திவிட, பாஸ் மட்டும் தணிந்து ஒலிக்கும். மௌனத்தைக் கண்காணிக்கும் கருவி ஒலிபரப்பு நின்றுவிட்டது என்று முடிவு கட்டி, அவசரகாலப் பாட்டைத் தானாக ஓடவிடும். எவ்வளவு அளவுக்குக் கீழே, எத்தனை விநாடி போனால் அது விழித்துக்கொள்ளும் என்று தொழில்நுட்பப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். மாற்ற முடியாது என்றால் அந்தப் பகுதியில் மட்டும் ஃபேடரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக்கொடுங்கள், சோலோ முடியும்போது திரும்ப இறக்குங்கள்.

பழைய பதிவுகளுக்கு இரண்டு எச்சரிக்கை. மோனோவில் பதிவானதைப் போலி ஸ்டீரியோவாக்கி விற்ற பதிப்புகள் உண்டு. மோனோ ரேடியோவில் அவை பொள்ளலாகக் கேட்கும், மூல மோனோவையே தேடுங்கள். 78 சுழற்சித் தட்டின் இரைச்சலை மென்பொருளால் முழுக்கத் துடைக்கப் போனால் டிரம்பெட்டின் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும், காது பத்து விநாடியில் பழகிக்கொள்ளும்.

பேச்சு

முடிந்த டிராக்குகளைப் பற்றிச் சொல்லும் வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்: தலைவர், டிராக்கின் பெயர், கூட வாசித்தவர்கள், பதிவான ஆண்டு, ஆல்பம். கூட வாசித்தவர்களில் குறைந்தது இரண்டு பெயர். கேட்பவர் காதில் நின்றது பாஸ்காரராக இருக்கலாம், அவர் பெயரைச் சொல்லாமல் விட்டால் தேட வழியில்லை. மூன்று டிராக்குக்கு மேல் சேர்த்துவைத்துச் சொன்னால் எது எதற்கு என்று குழம்பும்.

டிராக்குக்கு முன்னால் சொல்வது ஒன்றே ஒன்று: எதைக் கேட்க வேண்டும். "சோ வாட்" போடுவதாக இருந்தால் இப்படி:

"அடுத்தது ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் அரை நிமிடம் பியானோவும் பாஸும் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் மெதுவாக இருக்கும், ரேடியோ நின்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். பிறகு பால் சேம்பர்ஸின் பாஸ் ஒரு கேள்வி கேட்கும். மற்றவர்கள் இரண்டே தட்டில் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் கடைசியில் திரும்ப வரும், காத்திருங்கள். மைல்ஸ் டேவிஸ், 1959."

20 விநாடிதான். ஆனால் கேட்பவர் ஒன்பது நிமிடமும் அந்தப் பதிலுக்காக இருப்பார். இதற்குப் பதிலாக "அற்புதமான கலைஞர், மறக்க முடியாத படைப்பு" என்று 20 விநாடி பேசினால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. வியப்புச் சொற்களை எழுதும்போதே அடித்துவிடுங்கள்.

வாக்கியம் வாக்கியமாக எழுதி வாசிப்பது முதல் மாதத்துக்கு. பிறகு பெயர், ஆண்டு, ஒரு குறிப்பு என்று மூன்று சொல் இருந்தால் பேச்சு தானாக வரும். பேச்சுக்கு அடியில் ஜாஸை ஓடவிடாதீர்கள். உங்கள் சொல்லும் டிரம்பெட்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். டிரம்ஸும் பாஸும் மட்டும் உள்ள தொடக்கம் என்றால் பேசலாம், அதுவும் அது எத்தனை விநாடி என்று அளந்திருந்தால்.

உரிமமும் பதிவேடும்

ஒலிபரப்பு உரிமத்தைக் கட்டுவது நிலையம், நீங்கள் அல்ல. ஆனால் அந்த உரிமம் அலைவரிசையில் போவதற்கு மட்டுமாக இருக்கலாம். நிகழ்ச்சியைப் பாட்காஸ்டாகப் பதிவேற்றுவது பெரும்பாலும் வேறு உரிமை, கேட்காமல் செய்யாதீர்கள். இணையத்திலும் ஒலிபரப்பாகும் நிலையம் என்றால் ஒரே கலைஞர் சிறப்பு நிகழ்ச்சியை அறிவிப்பதற்கு முன் விசாரியுங்கள். அமெரிக்காவில் சட்டப்பூர்வ உரிமத்தின் கீழ் இணையத்தில் ஒலிபரப்பும்போது மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று டிராக், ஒரே கலைஞரிடமிருந்து நாலு டிராக் என்பதுதான் உச்சவரம்பு. பட்டியலை முன்கூட்டி வெளியிடவும் தடை உண்டு.

பதிவேட்டில் டிராக், கலைஞர், இயற்றியவர், ஆல்பம், நிறுவனம், ஓடிய நேரம். இயற்றியவர் பத்தியை வெறுமையாக விடாதீர்கள். உரிமத் தொகை அவருக்குப் போவது அதை வைத்துத்தான்.

ஒரு வாரத்தின் வேலை

ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். கேட்டுத் தேர்ந்தெடுக்க இரண்டு மணி நேரம், விவரம் சரிபார்க்க ஒன்று, ஒலியளவும் கடைசி ஹெட் குறிப்பும் தயாரிக்க ஒன்று, பிறகு ஒலிபரப்பு, பதிவேடு. தேர்வை ஒலிபரப்புக்கு இரண்டு நாள் முன்னால் பூட்டிவிடுங்கள். முந்தின இரவு "இதைவிட நல்லது ஒன்று" கிடைத்தால் அடுத்த வாரத்துக்கு எழுதி வையுங்கள்.

பருவத்தின் முதல் மாதத்திலேயே இரண்டு நிகழ்ச்சியை முழுதாகப் பதிவு செய்து பெட்டியில் வைத்துவிடுங்கள். தேர்வு வாரத்துக்கும் காய்ச்சலுக்கும் அவை. அவற்றில் "இன்று", "நேற்று", மழை, பண்டிகை, "போன வாரம் கேட்டதுபோல்" எதுவும் வரக்கூடாது. சரியாக 57:00 நீளம், கோப்பின் பெயரில் நிகழ்ச்சியின் பெயர், நீளம், "எப்போதும் ஒலிபரப்பலாம்" என்ற குறிப்பு. நீங்கள் இல்லாதபோது தேடுபவருக்கு உங்கள் கோப்பு எது என்று தெரிய வேண்டும்.

ஒலிபரப்பு நாளில் 20 நிமிடம் முன்னால் போய், ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று முதல் மூன்று விநாடி ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவ் ஒன்று, கணினியில் பிரதி ஒன்று. கருவி மக்கர் செய்தால் போட எட்டுப் பத்து நிமிட டிராக் ஒன்று தனிக் கருவியில் தயாராக, ஃபேடரில் பொருத்தியபடி நிற்கட்டும். அந்த எட்டு நிமிடத்தில் எந்தக் கணினியையும் மறுபடி இயக்கிவிடலாம். மைக்கை மூடினோமா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள், பாலடின் நடுவில் தொண்டையைக் கனைக்கும் ஓசை மிகத் தெளிவாகக் கேட்கும்.

நிலையத்தின் பதிவிலிருந்து உங்கள் பேச்சுப் பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து, மறுநாள் கேளுங்கள். ஏழு நிமிடம் வரும். எத்தனை முறை "வந்து" சொன்னீர்கள், எந்தப் பெயர் தடுக்கியது, கடைசி சுரத்துக்கும் உங்கள் முதல் சொல்லுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று அடுத்த வாரத் தாளின் மேல் ஓரத்தில் எழுதிவிட்டு, அந்தக் கோப்பை அழித்துவிடலாம்.